ஐந்து மாதத்தில் எத்தனை நாடு? மியூனிக் வரும் தம்பிக்கு

தம்பி, கேள்வியைப் படித்தேன். கோவையில் மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது, கல்லூரி ஒப்பந்தம் வழியாக அக்டோபரில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (இங்கே எல்லோருக்கும் அது டியூஎம்) ஒரு செமஸ்டர். ஃபீஸ் கிடையாது என்றால் மொத்தச் செலவு எவ்வளவு, மார்க் அடிபடுமா, சைவச் சாப்பாட்டுக்கு வழி உண்டா, சனி ஞாயிறுகளில் கிளம்பினால் எத்தனை நாடு முடிக்கலாம் என்று நான்கு கேள்வி. நாலாவதுக்கு மட்டும் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்கள், மனசு எங்கே இருக்கிறது என்று புரிகிறது.

நானும் இதே மாதிரி ஒரு செமஸ்டருக்கு ஜெர்மனி வந்தவள்தான். அப்புறம் முதுகலை, வேலை என்று இந்த ஊரிலேயே தங்கிவிட்டேன். வருஷா வருஷம் அக்டோபரில் பெட்டியும் பதற்றமுமாக வந்து இறங்குகிற பிள்ளைகளில் நாலைந்து பேராவது எங்கள் வீட்டில் ஒரு நாள் சாம்பார் சாப்பிடுவார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். காலண்டர். நம் ஊரில் ஏழாவது செமஸ்டர் ஜூலை வாக்கில் தொடங்கி நவம்பரில் முடிந்துவிடும். இங்கே குளிர்கால செமஸ்டர் என்பது காகிதத்தில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கும், பிப்ரவரி முதல் பாதியில் முடியும், பரீட்சை அதற்கப்புறம்தான், சில பாடங்களுக்கு மார்ச் வரைகூட இழுக்கும். ஆக, ஏழாவது செமஸ்டரின் நடுவில் கிளம்பி எட்டாவது செமஸ்டரின் நடுவில் ஊரில் போய் இறங்குவீர்கள். எட்டாவதில் பிராஜெக்ட் மட்டும்தான் என்றால் தப்பித்தீர்கள், இங்கே ஏதாவது ஒரு பேராசிரியரிடம் கேட்டு அதன் ஒரு பகுதியை இங்கேயே ஆரம்பித்துவிடலாம். ஏழாவதில் பாதி நடந்த பேப்பர்கள் என்ன ஆகும், இன்டர்னல் யார் போடுவார்கள், அட்டென்டன்ஸ் கணக்கு என்ன, இதையெல்லாம் உங்கள் துறைத் தலைவரிடம் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். ‘பார்த்துக்கலாம் தம்பி, போயிட்டு வாங்க’ என்று வாயால் சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள். பிளேஸ்மென்ட் சீசனும் அந்த மாதங்களில்தான் வரும். இன்டர்வியூ இப்போது பெரும்பாலும் ஆன்லைனில் நடப்பதால் அதற்கு இங்கிருந்தே உட்காரலாம், காலை ஒன்பதரைக்கு அங்கே கூப்பிட்டால் இங்கே குளிர்காலத்தில் விடிகாலை ஐந்து மணி என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட்டைப் பரீட்சைத் தேதி வரும் முன் மாற்ற முடியாத டிக்கெட்டாகப் போடவே கூடாது. விலை குறைவு என்று பிப்ரவரி 10க்குப் போட்டுவிட்டு, 24ஆம் தேதி பரீட்சை என்று தெரிந்ததும் தலையில் கைவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் கதையைச் சொன்னால் கையெழுத்து என்று ஏன் அடித்துக்கொள்கிறேன் என்பது புரியும். கிளம்பும் முன் எந்தெந்தப் பாடம் எடுக்கப்போகிறோம், அது ஊரில் எந்தப் பேப்பருக்கு ஈடு என்று ஒரு தாள் எழுதி இரண்டு கல்லூரியும் கையெழுத்துப் போட வேண்டும், லேர்னிங் அக்ரிமென்ட் என்பார்கள். நான் வந்து சேர்ந்தபோது அதில் இருந்த ஒரு பாடம் அந்த செமஸ்டரில் நடக்கவில்லை. சரி என்று அதற்குப் பக்கத்துப் பாடம் ஒன்றை எடுத்தேன், நன்றாகவே படித்தேன், பாஸும் ஆனேன். ஊரில் என் கல்லூரிக்கு ஒரு மெயில் அனுப்பினேன், பதில் வரவில்லை, வராததை ‘சரி’ என்று எடுத்துக்கொண்டேன். திரும்பிப் போனபோது ஆபீஸில் அந்தத் தாளை எடுத்து, ‘இதுல இந்தப் பேரு இல்லையேம்மா’ என்றார்கள். அவ்வளவுதான். வாழ்க்கையில் ஒரு அரியர்கூட வைக்காதவள், வெளிநாட்டில் போய் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, ஊரில் அடுத்த செமஸ்டரில் அதே பேப்பரை அரியராக எழுதினேன். பாடம் மாறினால் அன்றைக்கே தாளையும் மாற்றி மூன்று கையெழுத்தும் வாங்குங்கள். உங்களுடையது, அங்கே உள்ளவருடையது, இங்கே உள்ளவருடையது.

சரி, மார்க். இங்கே 1.0 தான் முதல், 4.0 வரை பாஸ், 5.0 என்றால் ஃபெயில். தலைகீழ். எனக்கு 1.7 வந்ததும் சந்தோஷமாக வீட்டுக்கு போன் போட்டேன், அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் மெதுவாக ‘பத்துக்காடி?’ என்றார். உங்கள் வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நம் சிஜிபிஏவை இந்த அளவுக்கு மாற்ற பவேரியன் சூத்திரம் (பவேரியா, மியூனிக் இருக்கிற மாநிலம்) என்று ஒன்று உண்டு. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் வாங்கியதைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு 8.5, பாஸ் 5 என்றால் 1.9 வரும். உங்கள் கல்லூரி இதைத் திருப்பிப் போடுமா, வேறு அட்டவணை வைத்திருக்கிறதா, இல்லை வெறும் பாஸ் என்று மட்டும் போட்டு சிஜிபிஏவில் சேர்க்காமல் விடுமா என்பதைக் கேளுங்கள். மார்க் அடிபடுமா என்ற உங்கள் கேள்விக்கு விடை கோவையில்தான் இருக்கிறது, மியூனிக்கில் இல்லை.

அடிபடக்கூடிய இடம் வேறு ஒன்று. இங்கே பெரும்பாலான பாடத்துக்கு இன்டர்னல் கிடையாது, அட்டென்டன்ஸ் கிடையாது, வரவில்லையா என்று ஒரு ஆள் கேட்க மாட்டார். செமஸ்டர் முழுக்க ஊர் சுற்றினாலும் உங்கள் பெயர் யாருக்கும் தெரியப்போவதில்லை. கடைசியில் ஒன்றோ ஒன்றரையோ மணி நேரப் பரீட்சை ஒன்று, அதிலேயே மொத்தமும் அடங்கும். நம் ஊர் வழக்கப்படி கடைசிப் பத்து நாளில் முடித்துவிடலாம் என்று நினைப்பீர்கள். ஐந்து கிரெடிட் பாடம் என்றால் 150 மணி நேர உழைப்பு என்று கணக்குப் போட்டுத்தான் அதை வைத்திருக்கிறார்கள், செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்பது இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கே மூச்சு வாங்கும் அளவு. உங்கள் கல்லூரி அனுமதித்தால் 20, 22க்கு மேல் போகாதீர்கள். வகுப்புக்கு இணையாக ‘ஊபுங்’ என்று கணக்குப் பயிற்சி வகுப்பு நடக்கும், பரீட்சை கிட்டத்தட்ட அதன் சாயலில்தான் வரும், விரிவுரையைக் கட் அடித்தாலும் ஊபுங்கை விடாதீர்கள். இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மனில் இருப்பதால் ஆங்கிலத்தில் கிடைக்கும் முதுகலைப் பாடங்களைத்தான் நீங்கள் எடுக்க வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். இன்னொன்று: பரீட்சைக்கு ஆன்லைனில் தனியாகப் பதிய வேண்டும், பாடத்துக்குப் பதிந்தது பரீட்சைக்குப் பதிந்தது ஆகாது. குளிர்கால செமஸ்டருக்கு அது ஜனவரி நடுவில் மூடிவிடும். பொங்கலுக்குள் பதிந்தாயிற்றா என்று மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வகுப்பில் இரண்டு விஷயம் விசித்திரமாக இருக்கும். எட்டு மணி என்று போட்டிருக்கும், எட்டேகாலுக்குத்தான் வாத்தியார் ஆரம்பிப்பார். நேரத்துக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ என்று இருந்தால் கால் மணி தாமதம் என்பது லத்தீன் காலத்து வழக்கம், ‘எஸ்.டி.’ என்றால் சரியாக அந்த நேரம். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேஜையைத் தட்டுவார்கள், நூறு இருநூறு பேர் சேர்ந்து தட்டும்போது ஏதோ கலாட்டா என்று நான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேவிட்டேன். அதுதான் இங்கே கைதட்டல்.

உங்கள் துறை இருப்பது நகரத்தில் அல்ல, வடக்கே கார்ஷிங்கில், யூ6 ரயிலின் கடைசி நிறுத்தம், நகர மையமான மரியன்பிளாட்ஸிலிருந்து அரை மணிக்குள். அங்கே கணிதக் கட்டடத்துக்குள் மூன்றாம் மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்குப் பரவளைய வடிவில் இரண்டு பெரிய சறுக்குமரம் இருக்கிறது, பாயை எடுத்துக்கொண்டு சறுக்கி வந்துவிடலாம், பேராசிரியர்களும் சறுக்குவார்கள். 1957இல் வந்த ஆராய்ச்சி அணு உலையின் முட்டை வடிவக் கூரையும் அங்கேதான், அந்த முட்டையைத் தங்கள் ஊரின் சின்னத்திலேயே வைத்துக்கொண்டார்கள்.

பணத்துக்கு வருகிறேன். ‘ஃபீஸ் இல்லை’ என்பதை உங்கள் அப்பா ‘செலவு இல்லை’ என்று புரிந்துகொண்டிருந்தால் இன்றைக்கே திருத்துங்கள். படிப்புக் கட்டணம்தான் ஒப்பந்தத்தில் தள்ளுபடி. வாழ்வதற்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட வேண்டும், ஸ்பெர்கோன்டோ என்ற முடக்கப்பட்ட கணக்கில் மாதத்துக்கு 992 யூரோ வீதம், 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் அளவு. ஆறு மாதம் என்றால் 5,952 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால்கூட ஆறு லட்சத்தை ஒட்டி வருகிறது. அது யாருக்கும் கட்டுகிற பணமல்ல, உங்கள் பணம்தான், மாதாமாதம் உங்களுக்கே பிரித்துத் தருவார்கள், ஆனால் முதலில் மொத்தமாகக் கையில் இருந்தாக வேண்டும். விசாவுக்கு 75 யூரோ. இன்சூரன்ஸ் மாதம் 140 யூரோ பக்கம் வரும், நம் ஊரில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு எடுத்த டிராவல் பாலிசியை வைத்துப் பல்கலையில் பதிய விட மாட்டார்கள்.

மிச்சம் எல்லாம் வாடகை முடிவு செய்வதுதான். ஹாஸ்டலில் அறை கிடைத்தால் 300லிருந்து 400 யூரோவுக்குள் முடியும். வெளியே வேகே என்ற பங்கு வீட்டில் ஒரு அறை 700, 800 என்று கேட்பார்கள், ஜெர்மனியிலேயே வாடகை அதிகமான ஊர் இது. சமைத்துச் சாப்பிட்டு, போக்குவரத்து, போன் எல்லாம் சேர்த்து என் கணக்கில் ஹாஸ்டல் கிடைத்தவருக்கு மாதம் 850, கிடைக்காதவருக்கு 1,300. ஆறு மாதத்துக்கு விமானச் செலவு நீங்கலாக ஐந்து லட்சமா எட்டு லட்சமா என்பதை அந்த அறைதான் தீர்மானிக்கிறது. அதனால் இடம் உறுதியான மெயில் வந்த அன்றைக்கே ஹாஸ்டலுக்கு விண்ணப்பம் போடுங்கள், பரிமாற்ற மாணவர்களுக்கென்று ஒதுக்கிய அறை இருக்கிறதா என்று பல்கலையில் கேளுங்கள். இணையத்தில் ‘நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்று ஒருவர் பளபளப்பான வீட்டுப் படத்தோடு எழுதுவார். சாவி வராது. வீட்டை நேரிலோ, தெரிந்த ஒருவர் போன் வீடியோவிலோ பார்க்காமல் ஒரு சென்ட் அனுப்பக் கூடாது.

ஒருவேளை ஒலிம்பிக் கிராமத்தில் இடம் கிடைத்தால் கோயிலுக்குத் தேங்காய் உடையுங்கள். 1972 ஒலிம்பிக்கில் வீராங்கனைகள் தங்கிய பகுதி அது, பழைய குடில்களை இடித்துவிட்டு 2010 வாக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன வீடுகளாகத் திரும்பக் கட்டினார்கள். ஆளுக்கு ஒரு வீடு, கீழே சமையலறையும் குளியலறையும், மேலே படுக்கை. வீட்டு முகப்பில் குடியிருப்பவர் இஷ்டப்படி ஓவியம் வரையலாம், ஒரு சந்து முழுக்க ஆமை, ராக்கெட், யாரோ ஒருவரின் பாட்டி என்று வரிசையாக இருக்கும். நடந்து போகிற தூரத்தில்தான் கானலிஷ்ட்ராசே 31ஆம் எண், 1972 செப்டம்பர் 5 அன்று ஆயுதக் குழு ஒன்று இஸ்ரேல் அணியினரைப் பணயக்கைதிகளாகப் பிடித்துவைத்த வீடு, அந்த அணியில் பதினோரு பேர் இறந்தார்கள். விளையாட்டுப் பூங்காவில் அவர்களுக்கு 2017இல் நினைவிடம் திறந்தார்கள். ஜாலியான ஊர்தான், ஆனால் கொஞ்சம் தோண்டினால் இப்படி ஏதாவது வரும்.

வந்து இறங்கும் தேதியில் ஒரு சூட்சுமம். அக்டோபர்ஃபெஸ்ட் என்று பெயர் வைத்திருந்தாலும் திருவிழா தொடங்குவது செப்டம்பரில், முடிவது அக்டோபர் முதல் வார வாக்கில். அந்த இரண்டு வாரமும் ஹாஸ்டல் படுக்கைகூட மூன்று மடங்கு விலை சொல்வார்கள். அறையின் சாவி அக்டோபர் 1தான் கிடைக்கும் என்று தெரிந்தும் செப்டம்பர் 26க்கு வந்து நின்றால் அந்த ஐந்து நாளில் ஒரு மாத வாடகை போய்விடும். வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அன்மெல்டுங் என்பது பெயர், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் ஒன்று வேண்டும், அது இல்லாமல் போய் வரிசையில் நிற்காதீர்கள். பதிந்த சில வாரத்தில் ரேடியோ, டிவிக்கு மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லி ஒரு கடிதம் வரும். என்னிடம் டிவியே இல்லை என்று எழுதினால் ஒன்றும் நடக்காது, வீட்டுக்கு ஒரு கட்டணம், அவ்வளவுதான். பங்கு வீடென்றால் எல்லோரும் பிரித்துக்கொள்ளலாம். ஊருக்குக் கிளம்பும்போது பதிவை நீக்கிவிட்டு இதற்கும் எழுதிப்போடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம் தம்பி. நான் வந்த காலத்தில்தான் சைவம் என்றால் உருளைக்கிழங்கு சாலட், அதிலும் துழாவிப் பார்த்தால் பன்றிக்கறித் துண்டு கிடக்கும். இப்போது மென்சா என்ற மாணவர் உணவகத்தில் தினமும் சைவமும் வீகனும் உண்டு. பவேரியாக்காரர்களின் சீஸ் நூடுல்ஸ் மாதிரி ஒன்று, கேஸஷ்பெட்ஸ்லே, மேலே வறுத்த வெங்காயத்தோடு வரும், பசியான நாளில் சாப்பிட்டுப் பாருங்கள். ரயில் நிலையத்துக்குத் தெற்கே கோதேஷ்ட்ராசே, லாண்ட்வேர்ஷ்ட்ராசே பக்கம் நடந்தால் துருக்கி, அரபு, இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கும், துவரம்பருப்பு முதல் இட்லி அரிசி வரை கிடைக்கும். சூப்பர்மார்க்கெட் எல்லாம் இரவு எட்டுக்கு மூடிவிடும், ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூடல். சனிக்கிழமை மாலை ஏழரைக்குப் பால் வாங்க ஓடுகிறவர்களைப் பார்த்தால் அவர்களில் பாதிப் பேர் புதிதாக வந்தவர்கள் என்று அர்த்தம். பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், ஒன்றுக்கு 25 சென்ட் திருப்பித் தருவார்கள், நாலு பாட்டில் ஒரு யூரோ, நம் கணக்கில் நூறு ரூபாய்.

பிரச்சினை சமைப்பதில்தான். வந்த இரண்டாவது வாரம் ரசம் வைத்தேன். எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, வரமிளகாயைப் போட்டு ஒரு நிமிஷம் திரும்பியிருப்பேன், மிளகாய் கருகி நெடி ஏறியதும் தலைக்கு மேல் புகை அலாரம் ஊளையிட ஆரம்பித்தது. பக்கத்து அறைப் பையன் ஈரத் தலையோடு துண்டைக் கட்டிக்கொண்டு ஓடி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியில் ஏறி அந்தப் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு, ஜன்னலை அகலத் திறந்தான். வெளியே மூன்று டிகிரி. நான் போய் மூடினேன், அவன் திரும்பவும் திறந்தான். ‘லூஃப்டன், லூஃப்டன்’ என்றான். அன்றைக்குக் கற்றுக்கொண்டது அது: எவ்வளவு குளிரானாலும் தினம் இரண்டு மூன்று தரம் ஐந்து பத்து நிமிஷம் ஜன்னலை முழுக்கத் திறந்து காற்றை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சை பிடிக்கும், பிடித்தால் முன்பணத்தில் கழிப்பார்கள். தாளிக்கும்போது திறந்துவைத்தீர்கள் என்றால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். அந்தப் பையனுக்கு மறுநாள் ரசம் கொடுத்தேன், மூக்கைத் துடைத்துக்கொண்டே குடித்து முடித்தான், இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் ‘அந்த சூப்’ என்றுதான் கேட்பான்.

இப்போது உங்கள் நாலாவது கேள்வி. முடியும். விசாவோடு மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் சுற்றலாம், இரவுப் பஸ் இருக்கிறது, கணக்குப் போட்டால் பத்துப் பன்னிரண்டு நாடு வந்துவிடும். இரண்டு வருஷம் முன்னால் ஒரு தம்பி பதினொன்று முடித்தார். வெள்ளி இரவு பஸ், சனி ஒரு ஊர், ஞாயிறு இன்னொன்று, திங்கள் காலை பஸ்ஸிலிருந்து நேராக வகுப்புக்கு. கடைசியில் போனில் படங்களைக் காட்டும்போது இது பிராகா புடாபெஸ்டா என்று அவருக்கே சந்தேகம் வந்தது, தேதியைப் பார்த்துச் சொன்னார். அவருடைய ஹாஸ்டல் தளத்தில் பன்னிரண்டு பேர், அதில் ஒருவர் பெயர்கூட அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அந்தப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து சமைப்பது, படம் பார்ப்பது, ஆற்றங்கரையில் உட்காருவது எல்லாமே சனி ஞாயிறுகளில்தான். அவரை நான் குறை சொல்லவில்லை, அவர் காசு, அவர் கால். ஆனால் என்னைக் கேட்டால் இரண்டு நாடு, மிஞ்சினால் மூன்று. மிச்ச வாரங்களை இந்த ஊருக்குக் கொடுங்கள். ஊர் பார்ப்பதற்கு டூரிஸ்ட் விசா எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், நாற்பது வயதில் குடும்பத்தோடுகூட வரலாம். ஒரு ஊரில் மாணவனாக இருக்க அப்போது யாரும் கூப்பிட மாட்டார்கள்.

சுற்றியே ஆக வேண்டும் என்றால் ரயிலில் பக்கத்தில் சுற்றுங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்று மாதச் சீட்டு இருக்கிறது, பவேரிய மாணவர்களுக்கு 2025இல் 38 யூரோ, அதற்கப்புறம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. நகரத்து மெட்ரோ, பஸ், டிராம், அதோடு நாடு முழுக்க உள்ளூர் ரயில் எல்லாம் அதில் அடக்கம், வேக ரயில் மட்டும் ஏறக் கூடாது. அதை வைத்தே எல்லை தாண்டி சால்ஸ்பர்க் வரை போய்விடலாம், அதுவே உங்கள் ஒரு நாடு. ரேகன்ஸ்பர்க், பசாவ், மிட்டன்வால்ட் என்று காலையில் போய் இரவு படுக்கைக்குத் திரும்புகிற ஊர்கள் இருபதாவது தேறும்.

மியூனிக்கிலேயே என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை ஆல்டே பினகோடெக் ஓவிய அருங்காட்சியகத்துக்கு நுழைவு ஒரு யூரோ. ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைத்துக் கால் வலியோடு வெளியே வராதீர்கள், ஒரு ஞாயிறு ஒரு அறை போதும். ஆல்பிரெக்ட் டியூரர் 1500இல் தன்னையே வரைந்துகொண்ட படம் அங்கே இருக்கிறது, அப்போது அவருக்கு 28 வயது, நேருக்கு நேர் பார்க்கிற அந்த முகத்துக்கு முன்னால் நான் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு நாள் வரும். லுட்விக் மாக்ஸிமிலியன் பல்கலையின் வாசலில் தரையைப் பார்த்து நடங்கள், கல்லோடு கல்லாகச் சில தாள்கள் சிதறிக் கிடக்கிற மாதிரி பதித்திருப்பார்கள். 1943 பிப்ரவரி 18 அன்று ஹிட்லர் ஆட்சிக்கு எதிரான துண்டுத்தாள்களை சோஃபி ஷோலும் அவர் அண்ணன் ஹான்ஸும் அந்தக் கட்டடத்தின் நடுமுற்றத்தில் வீசினார்கள், ஊழியர் ஒருவர் பார்த்துவிட்டார், நாலாவது நாள் இருவர் தலையையும் வெட்டினார்கள். சோஃபிக்கு 21 வயது. உங்கள் வகுப்பில் உட்காருகிற வயதுதான். அதே ஊரின் எஸ்2 ரயிலைப் பிடித்தால் சுமார் இருபத்தைந்து நிமிஷத்தில் டாக்காவ், 1933இல் திறந்த வதைமுகாம், நுழைவு இலவசம். அங்கே போகிற நாளில் மாலைக்கு வேறு எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இங்கே பீர் தோட்டத்துக்குச் சாப்பாடு நாமே கட்டிக்கொண்டு போகலாம், அது உரிமை. 1812இல் பீர் காய்ச்சுகிறவர்கள் தங்கள் நிலவறைத் தோட்டத்தில் பீர் விற்கலாம், ஆனால் ரொட்டி தவிர உணவு விற்கக் கூடாது என்று பவேரிய மன்னர் உத்தரவு போட்டார், ஊர்ச் சாப்பாட்டுக்கடைக்காரர்களின் புலம்பல் தாங்காமல். அன்றிலிருந்து ஜனங்கள் கையில் டப்பாவோடு போய்ப் பழகிவிட்டார்கள். துணி விரிக்காத மரப்பலகை மேஜைதான் அதற்கு. அக்டோபரில் வெயில் அடிக்கிற ஒரு மதியம் ஆங்கிலத் தோட்டத்துச் சீனக் கோபுரத்தடியில் கஷ்கொட்டை மரத்தின் கீழ் உட்கார்ந்து நாங்கள் புளியோதரையும் வடகமும் சாப்பிட்டிருக்கிறோம், குடிக்க ஆப்பிள் சோடா. பக்கத்து மேஜைத் தாத்தா முள்ளங்கியைச் சுருளாகச் சீவி உப்புத் தூவி நீட்டினார், நாங்கள் வடகம் கொடுத்தோம். பண்டமாற்று.

இருட்டைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், ஊரோடு வித்தியாசம் மூன்றரையிலிருந்து நாலரை மணி ஆகும். டிசம்பரில் மாலை நாலரைக்குள் சூரியன் போய்விடும், விடிவது எட்டு மணிக்கு. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, படுக்கையை விட்டு எழ முடியவில்லை என்று நவம்பரில் சொல்கிற பிள்ளைகள் நிறைய. சோம்பல் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போது தினம் அரை மணி வெளியே நடங்கள், வாரம் ஒரு நாளாவது யாரோடாவது உட்கார்ந்து சாப்பிடுங்கள், அப்படியும் தாங்கவில்லை என்றால் மாணவர் அமைப்பின் ஆலோசகரிடம் போகலாம். கிறிஸ்துமஸுக்கு ஹாஸ்டல் காலியாகிவிடும், 24 மதியம் மூடுகிற கடை 27தான் திறக்கும், ஜனவரி 6ம் இங்கே விடுமுறை. நீங்கள் வைத்திருக்கிற அந்த இரண்டு நாட்டை இந்த இடைவெளியில் செலவழியுங்கள்.

குளிர் கோட்டை கோவையில் வாங்காதீர்கள், உள்ளே போடுகிற தெர்மல் மட்டும் இரண்டு செட் போதும், கோட்டும் காலணியும் இங்கே வந்து பழையதாகவே நல்லது வாங்கலாம். ரைஸ் குக்கரும் வேண்டாம், மார்ச்சில் ஊருக்குப் போகிறவர்கள் விட்டுப்போனது என் வீட்டு நிலவறையிலேயே இரண்டு இருக்கிறது, ஒன்று உங்களுக்கு. சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, புளி தாராளமாக எடுத்துவாருங்கள். அம்மா எப்படியும் ஒரு பாட்டில் நெய்யும் ஒரு கட்டுக் கறிவேப்பிலையும் பெட்டியில் திணிப்பார், இரண்டையும் எடுத்து வெளியே வையுங்கள்: வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் கறியும் ஐரோப்பாவுக்குள் கொண்டுவரத் தடை, சான்றிதழ் இல்லாத பச்சை இலை, காய், பழத்துக்கும் தடை. ஐந்தே ஐந்து பழத்துக்கு மட்டும் விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள், அன்னாசி, டூரியன், பேரீச்சை, வாழை, அப்புறம் தேங்காய். இரண்டு தேங்காய் எடுத்துவாருங்கள், சட்னி அரைப்போம்.